காலர் பட்டனுக்கு மேலே

ஜூலை 8

குண்டூசி,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுப் போடத் தோணும். கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கமாவது படிச்சுடு. என் நம்பரை நீ பிளாக் பண்ணிட்டே. நியாயம்தான். உன் விலாசத்தை வேதியியல் மிஸ்ஸுக்கு போன் பண்ணி வாங்கினேன். "அவளோட ரெக்கார்ட் நோட்டு என்கிட்ட இருக்கு மிஸ்"னு ஒரு பொய். நேர்ல போய்க் கேட்டிருக்கலாம். போக முடியாது. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தக் கடிதம்.

நீ ஊரைக் காலி பண்ணிப் போன அன்னிக்கு வழியனுப்ப வர்றதா சொல்லிட்டு நான் வரல. பஸ் படிக்கட்டுல நின்னு கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துட்டே இருந்தியாம். உங்க அம்மா எங்க அம்மாகிட்ட சொன்னாங்க. அதைக் கேட்டதுலேருந்து எனக்குச் சாப்பாடு இறங்கல.

அன்னிக்குக் காலைல பல் தேய்க்கப் போனேன். கண்ணாடில பிரஷ் மட்டும் ஆடிட்டு இருந்துச்சு.

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நான் யார் கண்ணுக்கும் தெரியறதில்லை. உச்சந்தலைலேருந்து உள்ளங்கால் வரைக்கும். ஆனா இருக்கேன். தொட்டா தட்டுப்படும், பேசினா கேக்கும். புதுசா ஒரு சட்டையை மாட்டினா சட்டை தெரியும். காலர் பட்டனுக்கு மேலே ஒண்ணும் கிடையாது, கைப்பட்டிக்கு வெளியே ஒண்ணும் கிடையாது. அதுக்கு முந்தின வாரம் நகமெல்லாம் கண்ணாடி மாதிரி வெளுத்துட்டு வந்துச்சு. அம்மா அவங்க பியூட்டி பார்லருக்கு வாங்கின புது சோப்பாலன்னு நினைச்சேன்.

அட்மிஷன் விளம்பரத்துக்குன்னு ஸ்கூல் வாசல்ல என் மூஞ்சியை ஆள் உயரத்துக்கு அடிச்சு ஒட்டினாங்க. அதைப் பார்த்துட்டுத்தானே எனக்குப் போஸ்டர்னு பேர் வெச்சே, என்னைக் குத்திட்டே இருக்கற உன்னை நானும் குண்டூசின்னேன். இப்ப வாசல்ல ஒட்டினது மட்டும்தான் பாக்கி. ஒரிஜினல் காணோம்.

சிரிக்கறியா, திட்டறியா? எதுவா இருந்தாலும் எழுது.

போஸ்டர்

ஜூலை 16

போஸ்டர்,

கதை விடறதுக்கும் ஒரு அளவு இருக்கு.

காய்ச்சல்னு சொல்லியிருக்கலாம். தூங்கிட்டேன்னு சொல்லியிருக்கலாம். வேற ஒருத்திகூட சினிமாவுக்குப் போனேன்னு சொல்லியிருந்தாக்கூட ரெண்டு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன். கண்ணுக்குத் தெரியலையாம்! என்னைப் பார்த்தா அவ்வளவு கேனச்சியாவா இருக்கு?

அன்னிக்கு டிரைவர் ஹாரன் மேல ஹாரன் அடிச்சார். "ஒரு நிமிஷம் அண்ணே, ஒரு நிமிஷம்"னு நான் கெஞ்சிட்டு இருந்தேன். பஸ்ல இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தாங்க. என்னைப் பார்க்கறவங்க எதைப் பார்ப்பாங்கன்னு உனக்கே தெரியும். அதெல்லாம் உனக்காகத்தான் தாங்கிட்டு நின்னேன்.

இங்க எல்லாம் பரவாயில்லை. அம்மாவுக்குப் புது ஆஸ்பத்திரில நர்ஸ் வேலை ஒத்துவந்துடுச்சு. மாமா கடைக்கு மேலதான் வீடு. மாமான்னா அம்மாவோட அண்ணன். வண்ணமீன் கடை வெச்சிருக்கார். ஸ்கூல் விட்டதும் நான் தொட்டி கழுவறேன், தண்ணி மாத்தறேன், வாங்க வர்றவங்களுக்கு வலைல பிடிச்சுப் பைல போட்டுத் தர்றேன். எனக்கு மீனுங்களைப் பிடிச்சிருக்கு. நாள் முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடினாலும் ஒரு பொய் சொல்றதில்லை.

நீ சொல்றது நிஜம்னா ஆதாரம் அனுப்பு. இல்லைன்னா இதோட சரி.

ஜூலை 23

குண்டூசி,

ஆதாரம் உள்ள இருக்கு. நேத்து பக்கத்து வீட்டு அக்கா எடுத்த போட்டோ. அக்கம்பக்கத்துல அவங்களுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். நடுவுல நிக்கற நீலச் சட்டை நான். ஒரு பக்கம் அம்மா. இன்னொரு பக்கம் சட்டைத் தோள்ல கை போட்டுட்டு அப்பா. அவர் கேமராவைப் பார்க்கல பாரு, என் முகத்தைப் பார்க்கறார். கொஞ்சம் தள்ளிப் பார்க்கறார். எப்பவுமே கொஞ்சம் தள்ளித்தான்.

டிரைவிங் ஸ்கூல்ல நாள் முழுக்க "கண்ணாடியைப் பார், பின்னாடி யார் வர்றாங்கன்னு பார்"னு ஊருக்கே சொல்லித் தர்றவர், வீட்டுக்குள்ள தினம் என் மேல மோதிக்கறார். "ஹாரன் அடிச்சுட்டு வாடா"ங்கறார். சிரிக்கற மாதிரிதான் சொல்றார்.

அம்மாதான் பாவம். தினமும் காலைல பார்லரைத் திறக்கறதுக்கு முன்னாடி என்னை ஸ்டூல்ல உட்கார வெச்சு பவுண்டேஷன் தடவறாங்க. மெதுவா மூக்கு வரும். கன்னம் வரும். புருவத்தைப் பென்சில்ல போடுவாங்க. கண்ணு இருக்கற இடம் மட்டும் ரெண்டு ஓட்டை. நேத்து திடீர்னு பென்சிலைக் கீழே போட்டுட்டாங்க. "புருவம் தினம் ஒரு மாதிரி வருதுடா. என் பிள்ளை முகம் எனக்கே மறந்துட்டு வருதே"ன்னு ஒரே அழுகை. நான் அழுதா பவுண்டேஷன் கரைஞ்சு கோடு தெரியும். அதனால அழல.

ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். காட்டினோம்ங்கறது தப்பான வார்த்தை. ரத்தம் எடுத்தார். ஊசிக்குள்ள வந்ததும் சிவப்பாத் தெரிஞ்சது. ஊசியைப் பார்த்தார், எதிர்ல உட்கார்ந்திருந்த சட்டையைப் பார்த்தார், "உடம்பு ஆரோக்கியமா இருக்கு"ன்னார்.

இன்னொரு வேடிக்கை கேளு. மறைஞ்ச அன்னிக்கு ராத்திரி போட்டுட்டுத் தூங்கின பனியன், முழுப் பேன்ட், ரெண்டும் என்கூடவே மறைஞ்சுடுச்சு. துவைச்சுக் கொடில போட்டா எந்த இடம்னு தடவிக் கண்டுபிடிக்கணும். அம்மா அதுல சிக்கி விழப் பார்த்தாங்க.

ஸ்கூல்ல நான் பெரியப்பா வீட்டுல தங்கிப் படிக்கறதா சொல்லியிருக்கோம். இப்ப நம்பறியா?

போஸ்டர்

ஜூலை 31

போஸ்டர்,

நம்பறேன்.

போட்டோவை முதல்ல ஏதோ ஆப்ல பண்ணினதுன்னுதான் நினைச்சேன். அப்புறம் உங்க அப்பா கண்ணைப் பார்த்தேன். அந்தப் பார்வையை எந்த ஆப்லயும் பண்ண முடியாது. திட்டினதுக்கு மன்னிச்சுக்கோ. பாதி திட்டுக்கு மட்டும். மீதிக்கு நீ தகுதியானவன்தான், அன்னிக்கே ஒரு போனாவது பண்ணியிருக்கலாம்.

வலிக்குதா? குளிருதா? சாப்பிட்டா உள்ள இறங்கறது வெளில தெரியுமா? கேக்கக் கூடாதுன்னா விட்டுடு, ஆனா ரெண்டு நாளா இதேதான் மண்டைல ஓடுது.

நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. உன் கடிதத்தைப் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு. என் இடது கண்ணுலேருந்து தாடை வரைக்கும் சிவப்பா ஓடுதே, பிறவி மச்சம், அதை ஒரு நாளாவது யாரும் பார்க்காம தெருவுல நடக்கணும்னு எவ்வளவு ஆசைப்பட்டிருக்கேன் தெரியுமா? இங்க புது ஸ்கூல்ல முதல் நாளே ஒருத்தி "சுட்டுடுச்சா"ன்னு கேட்டா. இன்னொருத்தி எதுவும் கேக்காம அடுத்த பெஞ்சுக்குப் போயிட்டா. கேட்டவளே தேவலை.

பேசறப்ப என் கண்ணைப் பார்த்துப் பேசினது நீ மட்டும்தான். ஏன்னு கேட்டா, "உன் கண்ணுல என் முகம் தெரியுதான்னு பார்க்கறேன்"னு பீத்திப்பே. உள்ளுக்குள்ள எனக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

உன் முகம் எனக்கும் கொஞ்சம் கொஞ்சமா மங்கிட்டுதான் வருது. ஆனா சிரிக்கறதுக்கு முன்னாடி மூக்கால புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விடுவியே, அது அப்படியே இருக்கு. அம்மாகிட்ட சொல்லு, அதைப் பென்சில்ல போட முடியாதுன்னு.

பிளாக்கை எடுக்கல. எழுது. எழுதறப்ப நீ கொஞ்சம் கம்மியா பீத்திக்கறே.

குண்டூசி

ஆகஸ்ட் 19

குண்டூசி,

லேட்டாயிடுச்சு. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சுட்டு இருந்தேன்.

வலிக்கல. எல்லார் மாதிரியும் குளிரும். சாப்பாடு வாயை மூடினதும் மறைஞ்சுடும். நல்லவேளை. இல்லைன்னா எங்க வீட்டுல ஒருத்தரும் என்கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டாங்க.

கிரிக்கெட் கும்பல்ல ஒருத்தனும் போன் பண்றதில்லை. முதல்ல ரெண்டு பேர் வீடியோல வரச் சொன்னாங்க. மாட்டேன்னதும் "பெரிய இவன்"னு விட்டுட்டாங்க. இத்தனை வருஷமா அவங்க பேசினதெல்லாம் என் முகத்துகிட்ட போலிருக்கு. நானும் அதை முன்னால தள்ளிட்டுப் பின்னால ஒளிஞ்சு நின்னிருக்கேன். நீதான் பின்னால எட்டிப் பார்த்து "அங்க யாரு"ன்னு கேட்டவ. அதனாலதான் உன்னைப் பார்த்தா கொஞ்சம் பயமும் இருந்துச்சு. பயம்னு சொன்னேனா? வேற வார்த்தை ஒண்ணு இருக்கு. அடுத்த கடிதத்துல தைரியம் வந்தா எழுதறேன்.

அப்புறம், அந்தப் பொம்பளை சொன்னதை மனசுல வெச்சுக்காதே. "வேற யாரும் இல்லையா, இந்தப் பொண்ணு கை பட வேண்டாம்"னு சொல்ற ஜன்மத்துக்கு மீன் வளர்க்கற யோக்கியதையே கிடையாது. வலையைத் தொட்டிமேல அப்படியே வெச்சுட்டு ஒரு வார்த்தை பேசாம உள்ள போனியே, உன் இடத்துல நான் இருந்தா ஒரு வாளித் தண்ணியை அவங்க தலைல கவுத்திருப்பேன்.

நீ அந்தப் பச்சைச் சட்டைல நல்லா இருக்கே. நிஜமா.

போஸ்டர்

ஆகஸ்ட் 24

பேர் போட்டு ஆரம்பிக்கப் பிடிக்கல.

அந்தப் பொம்பளை வந்தப்ப மாமா வெளில போயிருந்தார். கடைல அவங்களும் நானும்தான். அவங்க சொன்னதை நான் மாமாகிட்ட சொல்லல, அம்மாகிட்ட சொல்லல, உனக்கும் எழுதல. உனக்கு எப்படித் தெரியும்?

நீ இங்க வந்திருக்கே.

இப்பத்தான் எல்லாம் புரியுது. அன்னிக்கு மூலைத் தொட்டில ஏஞ்சல் மீனெல்லாம் ஒரே பக்கமா கண்ணாடியை ஒட்டி வந்து நின்னுச்சு. ஆள் நின்னா, தீனி கிடைக்கும்னு அப்படித்தான் கூடும். அங்க யாருமே இல்லை. வெளிச்சம் மாறினதுனாலன்னு நினைச்சுட்டேன். தரைல ஈரக்கால் தடம் வேற. என்னோடதுன்னு நினைச்சு நானே துணி வெச்சுத் துடைச்சேன்.

உள்ள போய் அழுதேன். வாயைப் பொத்திட்டு அழுதேன். அப்ப நீ எங்க நின்னுட்டு இருந்தே?

பிறந்ததுலேருந்து என்னை எல்லாரும் முறைச்சுப் பார்க்கறாங்க. ஆனா அவங்களை நானும் திரும்ப முறைக்க முடியும். அதுதான் எனக்கு இருந்த ஒரே தைரியம். உன்னை எப்படித் திரும்பப் பார்க்கறது? நீ தெரியலைங்கறது என் பிரச்சினையே இல்லை. இருந்துட்டே இல்லாத மாதிரி நின்னதுதான் பிரச்சினை. ரெண்டு நாளா உடை மாத்தறப்பகூட விளக்கை அணைக்கறேன். என் வீட்டுல எனக்கே கூச்சமா இருக்கு. இது உன்னால.

எழுதாதே.

ஆகஸ்ட் 29

எழுதாதேன்னு சொன்னே. நீ கேட்டதுக்குப் பதில் சொல்லாம இருந்தா அது இன்னொரு ஒளிஞ்சு நிக்கறது. அதனால இது ஒண்ணு மட்டும்.

ரெண்டு தடவை வந்தேன். அந்தப் பழைய பனியனையும் பேன்ட்டையும் மாட்டிட்டு பஸ்ல வந்தேன். ஒருத்தர் என் மடிமேல உட்கார்ந்துட்டு அலறினார், அவ்வளவு கூட்டம். கடைல வாசல் பக்கமும் மூலைத் தொட்டிகிட்டயும்தான் நின்னேன். உள்ளறைக்கு வரல. மாடிக்கு வரல. நீ உள்ள போனதும் நான் வெளில வந்துட்டேன். தெருமுனைல நின்னு அழுதேன். ஒரு நாய் மட்டும் குரைச்சுது.

குரல் கொடுத்திருக்கணும். முதல் தடவை வாயைத் திறந்தேன். "ஐயோ"ன்னு நீ பயந்துடுவியோன்னு மூடிட்டேன். அப்படின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நிஜம் என்னன்னா, பயப்படறதைவிட நீ ஏமாந்து போற முகத்தைப் பார்க்கற தெம்பு எனக்கு இல்லை. என்னை யாரும் பார்க்காம நான் மட்டும் உன்னைப் பார்க்கறது எனக்கு சுலபமா இருந்துச்சு. அது உனக்கு என்னன்னு யோசிக்கவே இல்லை.

நீ கூப்பிடாம வரமாட்டேன். நீ எழுதாம எழுத மாட்டேன். விளக்கைப் போட்டுக்கோ. நான் அங்க இல்லை.

செப்டம்பர் 21

போஸ்டர்,

கோபம் போகல. கொஞ்சம் இளைச்சிருக்கு, அவ்வளவுதான்.

தினமும் கடைக்குள்ள வந்ததும் முதல்ல மூலைத் தொட்டியைப் பார்க்கறேன். மீனெல்லாம் அதது பாட்டுக்கு இருக்கும். முதல் வாரம் "அப்பாடா"ன்னு இருந்துச்சு. அடுத்த வாரமும் பார்த்தேன். இந்த வாரம் எதுக்குப் பார்க்கறேன்னு எனக்கே புரியல. மாமா, "அந்தத் தொட்டில என்ன முத்தா விளையுது"ன்னு கேட்டார்.

மாமாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்தப் பொம்பளை சொன்னதையும், உன்னையும். முதல் விஷயத்துக்குக் கொதிச்சார். ரெண்டாவது விஷயத்துக்கு ரொம்ப நேரம் தாடையைச் சொறிஞ்சார். "கதவைத் தட்டிட்டு வரச் சொல்லும்மா. தட்டற எவனும் நமக்கு விருந்தாளிதான்"னார்.

அதுதான் என் கண்டிஷனும். ஒரே ஒரு கண்டிஷன். நான் இருக்கற இடத்துல நீ இருந்தா, இருக்கேன்னு எனக்குத் தெரியணும். முகம் தெரியணும்னு கேக்கல. இடம் தெரியணும். சம்மதம்னா பதில் எழுது. இவ்வளவு நாள் சொன்ன சொல்லைக் காப்பாத்தினதுக்காகத்தான் இந்தக் கடிதம்.

குண்டூசி

செப்டம்பர் 27

குண்டூசி,

சம்மதம். ஆனா இனிமே அது அவ்வளவு சுலபம் இல்லை.

என் குரல் போயிடுச்சு.

ஆகஸ்ட் கடைசிலேருந்தே கம்மிட்டு வந்துச்சு. அம்மா "என்னடா, என்னடா"ன்னு ரெண்டு மூணு தடவை கேக்க வேண்டியிருந்துச்சு. போன வாரத்துலேருந்து ஒண்ணும் இல்லை. கத்தினாலும் மூச்சு மட்டும்தான். அம்மா அடுக்களைலேருந்து கூப்பிட்டா, ஸ்பூனால தட்டைத் தட்டறேன். ஸ்பூன் கைல இல்லாத நேரம் அவங்க அறை அறையா ஓடறாங்க, கையை முன்னால நீட்டிட்டு.

பார்லர் மூடியே கிடக்கு. அப்பா வேலைக்கு லீவு போட்டுட்டு உட்கார்ந்திருக்கார். ரெண்டு பேரும் பேசிக்கறதுகூட இல்லை. பேசினா என் சத்தம் கேக்காம போயிடுமோன்னு பயம்.

நான் செத்திருந்தா அழுது முடிச்சிருப்பாங்க. இருந்துட்டே இல்லாம இருக்கறதாலதான் அவங்களால முடிக்க முடியல. அதனால ஒரு முடிவு எடுத்திருக்கேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பறேன். எங்கன்னு இல்லை. யாரும் என்னைத் தேடாத ஒரு இடம். பயப்படாதே, உயிரை விடற எண்ணமெல்லாம் இல்லை. தேடற சத்தம் கேக்காத தூரத்துக்குப் போகணும், அவ்வளவுதான்.

போன தடவை உன்னை பஸ் படிக்கட்டுல நிக்க வெச்சுட்டேன். இந்த முறை சொல்லிட்டுப் போறேன். எழுதறதா சொன்ன அந்த வார்த்தையை எழுதல. இனிமே எழுதி என்ன.

போஸ்டர்

செப்டம்பர் 30, கூரியர்ல

அடப்பாவி,

எங்கயாவது போயே தீரணும்னா இந்தப் பக்கம் வா. யாரும் தேடாத இடமாம்! அப்படி ஒரு இடம் உனக்கு இனிமே கிடையாது, நான்தான் தேடுவேனே.

உங்க அம்மாவுக்கு போன் பண்ணிட்டேன். எல்லாத்தையும் படிச்சுக் காட்டிட்டேன். காட்டிக் கொடுத்துட்டேன்னு திட்டுவே. திட்டு. சத்தம்தான் வராதே.

(இதை எழுதிட்டு ரொம்ப நேரம் அழுதேன். ஆனா அந்த வரியை அடிச்சு அழிக்கப் போறதில்லை. நீ மூக்கால புஸ்ஸுன்னு விடுவே, எனக்குத் தெரியும்.)

உங்க அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "ஸ்பூன் சத்தம் கேக்கறப்ப எனக்கு உயிர் வருதும்மா"ன்னாங்க. முடிக்க முடியலைன்னு நீ எழுதியிருக்கே. அவங்களை முடிக்கச் சொன்னது யாரு? நீ இல்லாம நிம்மதியா இருக்கறதைவிட, தட்டித்தடவியாவது உன்னோட இருக்கறதுதான் அவங்களுக்கு வேணும். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம நீயே முடிவு பண்றது, சொல்லாம வந்து நின்னதைவிடப் பெரிய தப்பு.

சனிக்கிழமை உங்க அப்பா உன்னைக் கார்ல கூட்டிட்டு வர்றார். பேசியாச்சு. பகல்ல வா. முன்வாசல் வழியா வா. நல்ல சட்டை போட்டுட்டு, எல்லாரும் பார்க்கற மாதிரி வா. கதவைத் தட்டு. எங்க அம்மாவும் லீவு போட்டிருக்காங்க.

குண்டூசி

அக்டோபர் 9

குண்டூசி,

சனிக்கிழமை உன் உள்ளங்கைல விரலால எழுதினா கூச்சத்துல நீ சிரிச்சுட்டே இருந்தே. பாதி வாக்கியம் அதுலயே போச்சு. மீதியை இதுல எழுதறேன்.

அப்பா டிரைவிங் ஸ்கூல் காரோட எல் போர்டைக் கழட்ட மறந்துட்டார். வழி முழுக்கப் பின்னாடி வந்தவங்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டாங்க. மூணு மாசத்துக்கு அப்புறம் அப்பா அன்னிக்குத்தான் வாய்விட்டுச் சிரிச்சார்.

கதவைத் தட்டினதும் உங்க மாமா திறந்தார். தொப்பியைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிட்டு "வாங்க தம்பி, உட்காருங்க"ன்னு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்புறம் அப்பாகிட்ட குனிஞ்சு "காது கேக்குமா"ன்னு ரகசியம் கேட்டார். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

நான் கொண்டுவந்த பையைத் திறந்து பார்த்துட்டு "உள்ள ஒண்ணும் இல்லையே"ன்னே. கையை விட்டுத் தடவிப் பார்த்ததும் பையை இறுக்கிப் பிடிச்சுட்டே. அந்தப் பனியனும் பேன்ட்டும் இனிமே உன்கிட்டயே இருக்கட்டும். அது இல்லாம நான் எங்க போனாலும் ஒரு சட்டை தெரிஞ்சுதான் ஆகணும்.

அதுக்கப்புறம் நடந்ததை எழுத வரல. நீ எழுது.

வீட்டுல மாற்றம். பவுண்டேஷன் வேண்டாம்மான்னு எழுதிக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் டப்பாவைக் கைலயே வெச்சுட்டு இருந்தாங்க. அப்புறம் கண்ணை மூடிட்டு என் முகம் முழுக்கக் கையால தடவினாங்க. "புருவம் இப்படித்தான் இருந்துச்சு. நான்தான் மேல தூக்கிப் போட்டுட்டு இருந்திருக்கேன்"னாங்க. இன்னிக்குப் பார்லரைத் திறந்துட்டாங்க. அப்பா தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்துட்டு வந்தார். திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போறேன்.

ஒண்ணு கேக்கணும். டாக்டருக்கும் தெரியல, யாருக்கும் தெரியல, இது சரியாகுமான்னு. ஆகவே ஆகாதுன்னா? குரலும் வராது, முகமும் வராதுன்னா? இப்ப உனக்குப் பரிதாபமா இருக்கலாம். நாளைக்குக் காலேஜ் போவே. ஊர் முழுக்க முகம் உள்ள பசங்க. நல்லா யோசிச்சுப் பதில் சொல்லு. அவசரம் இல்லை.

போஸ்டர்

அக்டோபர் 17

போஸ்டர்,

நடந்ததை எழுதச் சொன்னே. எழுதறேன்.

மாமாவும் உங்க அப்பாவும் மோட்டார் பம்பு பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. எங்க அம்மா பார்க்காத மாதிரி தீனி டப்பாவை அடுக்கிட்டு இருந்தாங்க. நான் கையுறையைக் கழட்டச் சொன்னேன். தொப்பியையும். அங்க ஒண்ணுமே இல்லாம பின்னால இருந்த தொட்டிதான் தெரிஞ்சது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு வினாடி பயந்துட்டேன். அதனால கண்ணை மூடிட்டேன். மூடினதும் சுலபமாயிடுச்சு.

உன் நெத்தி சின்னது. மூக்கு லேசா ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கு. ஸ்கூல் வாசல்ல இருந்த படத்துல நேரா இருந்துச்சே, ஏமாத்திட்டாங்க. கன்னம் ஈரமா இருந்துச்சு. இவ்வளவு நாள் உன் முகத்தைப் பார்த்துட்டே இருந்தும், அது எப்படின்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது.

அப்புறம் நீ என் உள்ளங்கைல "தொடலாமா"ன்னு எழுதினே. தலையாட்டினேன். உன் விரல் நேரா என் மச்சத்துக்கு வந்துச்சு. அதைத் தொட்டவங்க எங்க அம்மாவும் நாலு டாக்டருங்களும் மட்டும்தான். அவங்கெல்லாம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பார்ப்பாங்க. நீ அதைத் தாண்டி காது வரைக்கும் போனே, நடுவுல எதுவுமே இல்லாத மாதிரி. அப்ப நானும் அழுதேன், உனக்குத் தெரிஞ்சிருக்கும்.

சாயங்காலம் ஜூஸ் கடை வரைக்கும் நடந்தோமே. தெருவே நின்னு பார்த்துச்சு. என் வாழ்க்கைல முதல் தடவையா என் கன்னத்தை ஒருத்தரும் பார்க்கல. எல்லாரும் உன் காலரையே பார்த்தாங்க. கொஞ்சம் கோபம்கூட வந்துச்சு, என் இடத்தை நீ பிடிச்சுட்டியேன்னு.

இப்ப உன் கேள்வி. நல்லா யோசிக்கச் சொன்னே. யோசிச்சேன்.

பரிதாபம் இல்லை. பரிதாபப்படறவங்க எப்படிப் பார்ப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேருந்து அதை வாங்கிப் பழகினவ நான். நாளைக்கு நீ என்னவா இருப்பேன்னு கேட்டா எனக்குத் தெரியாது. நான் என்னவா இருப்பேன்னும் தெரியாது. ஆனா யார்கூட நடந்தா நான் தலையைக் குனியாம நடக்கறேன்னு தெரிஞ்சுடுச்சு.

நீ எழுதாம விட்ட அந்த வார்த்தைக்கும் சேர்த்துச் சொல்றேன். எனக்கும் அதேதான். ரொம்ப நாளா.

திங்கட்கிழமை ஸ்கூல் எப்படி இருந்துச்சு? முதல் ஆளா எவன் சிரிச்சான்? பேரைச் சொல்லு, வந்து குத்தறேன்.

இன்னொண்ணு. என்னிக்காவது காலைல கண்ணு முழிக்கறப்ப உன் முகம் திரும்ப வந்திருந்தா, எனக்கு முன்கூட்டியே சொல்லிடு. திடீர்னு வந்து எதிர்ல நின்னேன்னு வெச்சுக்கோ, யாரோ எவனோன்னு நினைச்சு உன்னைத் தாண்டிப் போயிடுவேன்.

உன்
குண்டூசி